மாயவரத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்து நாலு போர்ஷன்: கார்பன் குறைவாகக் கட்ட வழி உண்டா?

கொல்லைப்புறம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு பாகப்பிரிவினையில் எனக்கு வந்திருக்கிறது. மனை 26 அடி அகலம், 110 அடி நீளம், கிழக்குப் பார்த்த வாசல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, அப்புறம் கொல்லை. கொல்லையில் ஒரு கிணறு, இரண்டு தென்னை, மேற்கு மூலையில் பெரிய புங்க மரம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களோடு பொதுச்சுவர். நாங்கள் யாரும் அங்கே இல்லாததால் பின்கட்டு இரண்டு மூன்று ஐப்பசி மழையிலேயே உட்கார்ந்துவிட்டது. முன்கட்டு இன்னும் நிற்கிறது, ஆனால் ஓடு மாற்றிப் பல வருஷம் ஆயிற்று, நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது.

2020-இல் ஊர் தனி மாவட்டம் ஆனதிலிருந்து வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் அதிகம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பேங்க் என்று மாற்றலாகி வருகிற குடும்பங்கள். நான் ஓய்வு பெற்றவன், பென்ஷனோடு இந்த வாடகையும் வந்தால் நிம்மதி. காண்ட்ராக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கி, கீழே இரண்டு மேலே இரண்டு, போர்ஷனுக்கு 600 சதுர அடி, மொத்தம் 2,400, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். அதாவது 55 லட்சம். போர்ஷனுக்கு 9,000 வாடகை வரும் என்கிறார்.

பிரச்சினை என் மகள். சென்னையில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பிளானைப் பார்த்ததும் “அப்பா, இது அடுப்பு, வீடு இல்லை” என்றாள். சிமெண்ட், கம்பி, கார்பன் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். சொல்வது சரியாகத்தான் படுகிறது, ஆனால் அவள் காட்டுகிற படங்களெல்லாம் பணக்காரர்கள் தோப்புக்குள் கட்டிக்கொண்ட வீடுகள். வாடகை வீடு என்றால் கதையே வேறு. குடியிருப்பவர் இரண்டு வருஷத்தில் மாறிவிடுவார், ஆணி அடிப்பார், யாரும் மாடி ஏறிப் பராமரிக்க மாட்டார்கள். செலவு செய்வது நான், கரண்ட் பில் குறைவது அவருக்கு. இந்த நிலையில் கார்பனைக் குறைத்துக் கட்டுவது என்றால் எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்? டெல்டா களிமண்ணில் கட்டி அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சோலார் போடுங்கள், மரம் நடுங்கள் என்ற பொது அறிவுரை வேண்டாம், அதை மகளே சொல்லிவிட்டாள்.

ஜல்லிக்கரண்டி

சார் வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பதினெட்டு வருஷமாக சைட் எஞ்சினியராக இருக்கிறேன். உங்கள் காண்ட்ராக்டர் பிளானை ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் 2,400-க்கு 960 மூட்டை, அதாவது 48 டன். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ, ஒன்பதரை டன் சொச்சம். சாதாரண ஓபிசி சிமெண்ட் ஒரு டன் தயாரிக்க முக்கால் டன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளியேறுகிறது, இதைத்தான் சுருக்கமாகக் கார்பன் என்கிறோம். இதில் பெரும்பகுதி நிலக்கரிப் புகை கிடையாது, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே பிரிகிற வாயு. அதனால்தான் ஆலைக்கு சோலார் கரண்ட் கொடுத்தாலும் இது போகாது. இரும்பு டன்னுக்கு இரண்டு, இரண்டரை டன். ஆகமொத்தம் சிமெண்டும் கம்பியும் மட்டுமே 60 டன் வந்துவிடும், செங்கலை நான் இன்னும் தொடவில்லை.

இதைக் குறைக்க ஆயிரம் வழி சொல்வார்கள். முதல் வழி கட்டாமல் இருப்பது. சிரிக்காதீர்கள். முன்கட்டு நிற்கிறது என்கிறீர்கள். அந்தச் சுவர் பெரும்பாலும் ஒன்றேகால் அடி தடிமன், சுண்ணாம்புக் காரை, அஸ்திவாரம் அகலமாக இருக்கும். அது எத்தனையோ மழையையும் கோடையையும் பார்த்துவிட்டு, இனி அசைய வேண்டியதையெல்லாம் அசைந்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை இடித்துவிட்டுப் புது அஸ்திவாரம் போட்டால் முதல் மூன்று வருஷம் விரிசல் கணக்கை மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அதைத் தொட்டால் அடுத்த வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவார், அந்தக் கார்பனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

என் யோசனை: நாலு போர்ஷனை மறந்துவிட்டு மூன்று என்று வையுங்கள். முன்கட்டை முற்றத்தோடு பழுதுபார்த்து ஒரே பெரிய போர்ஷனாக விடலாம், அப்படிப்பட்ட வீட்டுக்கு இப்போது தனி கிராக்கி இருக்கிறது, வாடகையும் கூடுதலாகக் கிடைக்கும். விழுந்த பின்கட்டு இடத்தில் மட்டும் கீழே ஒன்று, மேலே ஒன்று, 600, 600. வடக்குச் சுவர் ஓரமாக மூன்றரை அடியில் ஒரு நடை விட்டால் பின் போர்ஷன்காரர்கள் யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் போய்வரலாம். புதுக்கட்டுமானம் 1,200 சதுர அடி, உங்கள் ஊர் ரேட்டில் 28 லட்சத்துக்குள். முன்கட்டுப் பழுதுக்குப் பத்து லட்சம் ஒதுக்கினாலும் மொத்தம் 38. வாடகையில் ஒரு போர்ஷன் குறைகிறது, கையிலிருந்து 17 லட்சம் போகாமல் மிஞ்சுகிறது. சிமெண்ட், கம்பியில் பாதி, அதாவது முப்பது டன் கார்பன், எந்தப் புதுத் தொழில்நுட்பமும் இல்லாமல் அப்படியே குறைகிறது.

முன்கட்டைப் பழுதுபார்க்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். சுவர் கீழேயிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை அடைத்துவிடும், உப்பு பூத்து இரண்டாவது மழையில் பாளம் பாளமாக உரியும். அப்புறம் “பழைய சுவர் சரியில்லை” என்று சொல்லி இடிப்பார்கள், இது எத்தனை வீட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, ஆனால் கோயில் திருப்பணி நடக்கிற ஊரில் விசாரித்தால் கிடைப்பார்கள்.

புதுக்கட்டடத்துக்கு வருவோம். நம் மண் களி. மழையில் உப்பும், பங்குனி சித்திரையில் வெடிக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மறுபடி இளகும். அண்டர்ரீம்டு பைல், அதாவது அடிப்பக்கம் குமிழ் மாதிரி விரிந்த கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கி, மேலே அவற்றை இணைக்கிற கிரேடு பீம் விடுவது நல்லது. கூடுதல் செலவு என்று தயங்காதீர்கள், ஐந்து வருஷத்தில் விரிசல் விட்டு இடித்துக் கட்டுகிற வீடுதான் உலகத்திலேயே அதிகக் கார்பன் உள்ள வீடு. சிமெண்ட் பிபிசி அல்லது ஸ்லாக் கலந்த பிஎஸ்சி வாங்குங்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் கலந்திருப்பதால் சுட்ட சுண்ணாம்புக்கல்லின் பங்கு குறைவு, பிபிசியில் சாம்பல் 35 சதவீதம் வரை போகலாம். விலையும் கூடுதல் இல்லை. ஆனால் இந்த சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். பத்து நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. காண்ட்ராக்டர் ஓபிசிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அவசரம்தான். சுண்ணாம்புக்கல், சுட்ட களிமண் கலந்த எல்சி3 என்று ஒரு புது வகைக்கு 2023-இல் ஐஎஸ் தரம் வந்திருக்கிறது, உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் பிபிசியே போதும்.

மகள் “உள்ளூர்ப் பொருள்” என்று பேசியிருப்பாள். டெல்டாவில் கல்லே கிடையாது சார். ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் பக்கத்திலிருந்துதான் லாரியில் வர வேண்டும். அதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். ஒரு டன் ஜல்லியை நூறு கிலோமீட்டர் கொண்டுவர ஏறத்தாழ பத்து கிலோ கார்பன்தான். சிமெண்ட் பக்கத்தில் அரியலூரிலிருந்தே வந்தாலும் டன்னுக்கு அறுநூறு, எண்ணூறு கிலோ. தூரத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை மூட்டை என்று பாருங்கள். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கக் கூடாது, அதற்குக் காரணம் என்னவென்று ஆளுக்கு ஒன்று சொன்னாலும் படுகை மணல் போன ஆறு எப்படி இருக்கும் என்று கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நெல்லுக்கடைத்தெரு

55 லட்சமோ 38 லட்சமோ, 9,000 ரூபாய் வாடகை வருகிற ஊரில் இதெல்லாம் வேண்டாத வேலை. பேங்கில் போட்டால் தலைவலி இல்லாமல் வட்டி வரும். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஹாலோ பிளாக் வைத்துச் சீக்கிரம் முடித்து வாடகைக்கு விடுங்கள். குடிவருகிறவன் தண்ணீர் வருதா, வண்டி நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எவ்வளவு, இந்த மூன்றைத்தான் கேட்பான். கார்பன் எவ்வளவு என்று கேட்டு ஒருத்தனும் வந்ததில்லை.

மாடி_போர்ஷன்

மேலே உள்ளவருக்கு: நான் குடிவருகிறவள். அந்த மூன்றையும் கேட்பேன், நாலாவதாக ஒன்றையும் கேட்பேன். பத்து வருஷத்தில் திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று ஐந்து வாடகை வீடு மாறியாயிற்று, மூன்று முறை மாறியது வெக்கை தாங்காமல்தான்.

இப்போது இருப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழே. சித்திரை மாதம் இரவு பத்தரை மணிக்குப் படுக்கையறை மேற்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிஷம் ஆன மாதிரி இருக்கும். ஃபேனைப் போட்டால் மேலே இருக்கிற சூட்டைத்தான் இறக்கிவிடும். சாயந்திரம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் முதல் வேலை மாடிக்குப் போய் எட்டு குடம் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றின தண்ணீர் ஆவியாகிற சத்தம் கேட்கும் என்றால் நம்புவீர்களா! இரண்டு வருஷம் பல்லைக் கடித்துவிட்டு ஏசி வாங்கிவிட்டோம். ஒரு டன் ஏசி, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ரேட்டே மாறிவிடுகிறது, முதல் நூறு இலவசம் என்பதெல்லாம் அந்த பில்லில் கண்ணுக்கே தெரியாது. ஆக நான் கொடுப்பது வாடகை 8,000, வெயில் மாதங்களில் வெக்கைக்கு இன்னொரு 1,500. கூரையை ஒழுங்காகப் போட்ட வீடு 9,000-க்குக் கிடைத்தால் நான் இன்றைக்கே பெட்டி கட்டுவேன்.

எஞ்சினியர் சார் கட்டும்போது ஆகிற கார்பனைச் சொன்னார். குடியிருக்கும்போது ஆவதையும் கணக்குப் போடுங்கள். ஒரு வீடு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்றால் வருஷம் 1,800. நம் நாட்டு கரண்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஒன்றேகால் டன் வருகிறது, ஒரு வீட்டுக்கு, ஒரு வருஷத்துக்கு. வீடு நாற்பது வருஷம் நிற்கும்.

காற்றோட்டம் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கொசுவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். டெல்டாவில் மாலை ஆறு மணிக்கு மேல் ஜன்னலைத் திறக்கவே முடியாது. வாய்க்கால், வயல், சாக்கடை, கேட்க வேண்டுமா. வெளியே நல்ல காற்று அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வேர்த்துக்கொண்டிருப்போம். ஐந்து வீட்டிலும் இதுதான். ஆகவே சார், தயவுசெய்து எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடித்த இன்னொரு கதவு போட்டுக்கொடுங்கள். நாங்களே வாங்கி ஒட்டுகிற வலை ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். ஸ்லைடிங் ஜன்னல் வேண்டவே வேண்டாம், ஆறடி ஜன்னல் வைத்தாலும் திறப்பது மூன்றடிதான். தரைத்தள வீட்டில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கப் பெண்களுக்குப் பயம் இருக்கும், அதனால் கூரைக்கு ஒன்றரை அடி கீழே கம்பியும் வலையும் போட்ட வெண்டிலேட்டர் எதிரெதிர் சுவரில் கட்டாயம்.

இன்னொன்று, ஃபேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ஃபேனைக் குடியிருப்பவரே கொண்டுவந்து மாட்ட வேண்டும். நாங்கள் கல்யாணச் சீர் ஃபேனை ஐந்து வீடாகத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், 75 வாட். இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள். நீங்களே மாட்டிக் கொடுத்துவிட்டால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் முப்பது யூனிட்டாவது குறையும். பயமாக இருந்தால் ரிமோட்டோடு சேர்த்து வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து ஒப்பந்தம்தான் 2019-லிருந்து சட்டப்படி தேவையாயிற்றே.

குடந்தை_வாடகை

அண்ணே, நானும் உங்களை மாதிரி ஒரு ஹவுஸ் ஓனர்தான். கும்பகோணத்தில் 2019-இல் இரண்டு போர்ஷன் கட்டினேன், லாரி பேக்கர் கேரளாவில் பரப்பிய அந்த எலிப்பொறிக் கட்டு முறையில். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், காரையும் நன்றாகக் குறையும், நடுவில் காற்று நிற்பதால் மேற்குச் சுவர்ச் சூடு உள்ளே வர நேரம் பிடிக்கும். பெயரைக் கேட்டதும் என் மாமியார் “எலி வந்து குடியிருக்குமா மாப்பிள்ளை” என்றார். இதுவரை வரவில்லை, வந்தால் அதற்கும் வாடகை வாங்குவேன்.

நல்லதை மட்டும் சொல்லி உங்களை மாட்டிவிட விரும்பவில்லை. என்ன தப்பாயிற்று என்று சொல்கிறேன். முதல் லோடு நாட்டுச் செங்கல் வாங்கினேன், ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வித்தியாசம். படுக்க வைத்துக் கட்டும்போது காரை அதை மறைத்துவிடும், நிறுத்திக் கட்டும்போது சுவர் அலையடிக்கும். திருப்பி அனுப்பிவிட்டு, ஒரே அளவாக வருகிற சேம்பர் சூளைச் செங்கல் வாங்கினேன். அடுத்து எலக்ட்ரீஷியன். நான் ஊரில் இல்லாத ஒரு நாள் வந்து, வழக்கம்போல் கட்டிங் மெஷினை வைத்து சுவிட்ச் பாக்ஸுக்கு நெடுக வெட்டிவிட்டான். அந்தச் சுவரின் வெளித்தோல் மூன்று அங்குலம்தான், வெட்டினால் என்ன மிஞ்சும்? நாலடி அகலத்துக்கு இடித்துத் திரும்பக் கட்டினோம். பைப் எல்லாம் எங்கே வரும் என்று முதலிலேயே தீர்மானித்து, கட்டும்போதே அந்த வெற்றிடத்தில் விட்டுவிட வேண்டும். குடிவருகிறவர்களுக்கு ஆணி அடிக்க இடம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அறையிலும் ஏழடி உயரத்தில் ஒரு மரச்சட்டம் பதித்திருக்கிறேன். காலண்டர், சாமி படம், மாலை போட்ட தாத்தா, எல்லாம் அதில்தான். இன்றுவரை சுவரில் ஓட்டை இல்லை.

முக்கியமானது காண்ட்ராக்ட். சதுர அடி ரேட்டுக்குக் கொடுத்தீர்களானால் நீங்கள் மிச்சம் பிடிக்கிற செங்கலும் சிமெண்டும் காண்ட்ராக்டர் பைக்குப் போகும், அல்லது “புது முறை, கூலி அதிகம்” என்று கூடக் கேட்பார். நான் இரண்டாவது தளத்துக்கு வந்தபோதுதான் இதைப் புரிந்துகொண்டு லேபர் காண்ட்ராக்டாக மாற்றினேன். சாமான் நீங்களே வாங்குங்கள். மூட்டையை எண்ண ஆரம்பித்தால்தான் குறைக்கத் தோன்றும்.

மேல்தளக் கூரை ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட்டின் கீழ்ப்பாதி சும்மா பாரத்துக்குத்தான் இருக்கிறது, அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடு இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தோம். கான்கிரீட் குறைந்தது, ஓட்டுக்கு நடுவில் காற்று நிற்கிறது. இதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வரைந்து கொடுக்காமல் செய்யாதீர்கள், கொத்தனார் “நான் பார்த்திருக்கேன் சார்” என்றாலும் நம்பாதீர்கள். ஃபேன் கொக்கி எங்கே என்று அப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அதற்கு மேல் என்ன போடுவது என்பதில் ஒரு முறை பணம் தொலைத்தேன். முதலில் வெள்ளை கூலிங் பெயிண்ட். முதல் கோடையில் டீச்சரம்மா சொல்கிற சூடு பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. வருஷா வருஷம் தேய்த்துக் கழுவி அடிக்க வேண்டும், வாடகை வீட்டில் யார் ஏறுவார்கள்? இப்போது பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று அங்குலம் போட்டுத் தட்டி, அதன்மேல் டைல்ஸ் கடையில் உடைந்து கிடந்த வெள்ளை டைல் துண்டுகளை அள்ளி வந்து பதித்துவிட்டேன். ஏறக்குறைய சும்மா கிடைத்தது. ஒரு மழை பெய்தால் தானாகக் கழுவிக்கொள்கிறது. வெறுங்காலோடு நடுப்பகலில் நடக்கலாம்.

நெல்லுக்கடைத்தெரு நண்பருக்கு: கார்பன் என்று கேட்டு யாரும் வரவில்லை, சரிதான். ஆனால் என் மாடி போர்ஷன் இந்த ஆறு வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் காலியாக இருந்ததில்லை. பக்கத்துக் கட்டடத்து மாடி ஒவ்வொரு சித்திரையிலும் காலியாகும். நானும் அவரும் ஒரே வாடகைதான் வாங்குகிறோம்.

ஜல்லிக்கரண்டி

குடந்தைக்காரர் சொன்ன லேபர் காண்ட்ராக்ட் விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டும், எங்கள் தொழிலுக்கு விரோதம் என்று கை வரவில்லை.

டீச்சர் சொன்ன ஜன்னல் விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2018 டிசம்பரில் வந்தது, ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர். சின்ன மனைகளைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நம்மைப் போல வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த இடத்துக்கு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. திறக்கக்கூடிய என்பதைக் கவனியுங்கள், ஸ்லைடிங்கில் பாதிதான் கணக்கில் வரும். இங்கேதான் சார் உங்கள் முற்றம் வருகிறது. வடக்கும் தெற்கும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க முடியாது. கிழக்கு வாசல், மேற்குக் கொல்லை, நடுவில் முற்றம், இந்த மூன்று வாய்தான் அந்த மனைக்கு மூச்சு. உங்கள் காண்ட்ராக்டர் பிளானில் முற்றத்தை மூடி பெட்ரூம் ஆக்கியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். அப்படிச் செய்தால் நடு அறைகள் நாலும் பகலிலேயே டியூப்லைட் போட்டு இருட்டில் புழுங்கும்.

மேற்கு மூலைப் புங்க மரத்தை வெட்ட வேண்டாம். அது உங்கள் பின்கட்டின் மேற்குச் சுவருக்கு மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை நிழல். அஸ்திவாரத்தைத் தள்ளிப் போட்டால் போதும். கிணற்றையும் மூடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம், ஆனால் ஐப்பசியில் நிலத்தடி நீரே நாலடியில் நிற்கிற ஊரில் தொட்டி தோண்டி என்ன பயன், மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள், மிச்சம் சம்ப்பில்.

சோலார் வேண்டாம் என்று சொன்னீர்கள், இருந்தாலும் ஒரு வரி. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நூறு யூனிட் இலவசம், அதனால் குடியிருப்பவர் பெயரில் போட்டுப் பயனில்லை. நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அந்த இணைப்பில் 3 கிலோவாட் போடுங்கள், மத்திய அரசு மானியம் 78,000 கிடைக்கும். வாடகை வீட்டில் பேனலுக்கு இடமும் குழாயும் மட்டும் விட்டுவையுங்கள்.

கொல்லைப்புறம்

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். பிளானை எடுத்துப் பார்த்தேன், முற்றம் இருந்த இடத்தில் “பெட்ரூம் 2” என்று போட்டிருக்கிறது. அதில் என் அம்மா வடாம் காயவைத்த இடம் சரியாகக் கட்டில் வருகிற இடம்.

மகளுக்கு இந்தத் திரியை அனுப்பினேன். எலிப்பொறிக் கட்டு, ஃபில்லர் ஸ்லாப் எல்லாம் எனக்குத் தெரியும் அப்பா, கொசுவலை எங்கள் புத்தகத்தில் இல்லை என்று பதில் வந்தது. டீச்சரம்மாவுக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

மூன்று போர்ஷன் என்று முடிவு செய்துவிட்டேன். நடையை நாலடியாக வைக்கப் போகிறேன், மூன்றரையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனால் ஹேண்டில்பார் சுவரைச் சுரண்டும். எலிப்பொறிக் கட்டு மேற்குச் சுவருக்கும் மேல்தளத்துக்கும் மட்டும், மற்றது சாதாரணக் கட்டு, ஏனென்றால் தினமும் வந்து எலக்ட்ரீஷியனைக் காவல் காக்க என்னால் முடியாது. ஃபேன் நான்தான் மாட்டுவேன், கொசுவலைக் கதவும். வாடகை பின் போர்ஷனுக்கு 9,000, முன்கட்டுக்கு 14,000 கேட்கலாம் என்று நினைக்கிறேன், டீச்சரம்மா பார்த்துச் சொல்லட்டும். தை பிறந்ததும் வேலை தொடங்கினால் மேட்டூர் திறப்பதற்குள் பேஸ்மட்டம் வந்துவிடும் அல்லவா? நாளைக்கு ஆள் வைத்து முன்கட்டு ஓட்டை இறக்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டு வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், இறக்குக் கூலியும் அவரே கொடுக்கிறேன் என்கிறார்.

ஜல்லிக்கரண்டி

தையில் ஆரம்பித்தால் மாசி முடிவில் பேஸ்மட்டம், தாராளமாக முடியும். ஓட்டைக் கொடுக்காதீர்கள் சார்! நாளைக்கு நீங்களே நேரில் நில்லுங்கள். முழு ஓடு தனியாக, ஓரம் உடைந்தது தனியாக, நொறுங்கியது தனியாக அடுக்கச் சொல்லுங்கள். முழு ஓடு முன்கட்டுக்கே திரும்ப ஏறும், ஓரம் உடைந்தது ஃபில்லருக்கு, நொறுங்கியது மாடியில் செங்கல் ஜல்லியோடு. கைமரத்தில் எது பனை எது தேக்கு என்று பார்த்து சாக்பீஸால் குறித்து வையுங்கள், வியாபாரி இறக்குக் கூலி கொடுக்கிறேன் என்று சொல்வது அந்தத் தேக்குக்காகத்தான்.